காசுக்கும் ஏற்றுக்கூலி

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் என் மாமா காசு காயப்போடுவார். கடை விறாந்தையில் பழைய பேப்பரை விரித்து, ஈரத் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கி, பறக்காமலிருக்கத் தராசுப் படிக்கற்களை மேலே வைத்துவிட்டு, பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் காவல் இருப்பார். நூறு ரூபாத் தாள்கள்தான் அதிகம். ஐம்பதும் இருபதும் இடையிடையே கிடக்கும். சிலவற்றில் மீன் செதில் உலர்ந்து ஒட்டியிருக்கும். அதை நகத்தால் சுரண்டி எடுப்பார். விறாந்தை முழுக்கக் கருவாட்டு மணம்.

மாமாவின் கடை யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில், கடற்கரையோரக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. ஊரின் பெயர் வேண்டாம். சொன்னால் அவர் காசு வைக்கும் மேசை லாச்சிக்கு நானே வழி காட்டியதாகிவிடும். ஊரில் ஏ.ரி.எம் கிடையாது. பருத்தித்துறைக்குப் போகவேண்டும். பஸ் வந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல், வராவிட்டால் கணக்கில்லை. மாமா மோட்டார் சைக்கிளில் கிழமைக்கு ஒரு தடவை போய்வருவார்.

காயப்போடுவதற்குக் காரணம் உண்டு. பாங்கில் காசு வைப்புச் செய்யும் மெஷின் ஈரத்தாளை வாங்காது. வாயில் வைத்த கையோடு துப்பிவிடும். சுருண்டு போனதையும் துப்பும், மூலை கிழிந்ததையும் துப்பும். கவுண்டரில் கொடுக்கலாம்தான், ஆனால் அங்கே வரிசை. ஒருமுறை பால்மாப் பேணி இரண்டு நிறையக் குத்திக்காசு கொண்டுபோனாராம். (குத்தி என்றால் நாணயம். யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.) "இண்டைக்கு எண்ண ஆளில்லை ஐயா, புதன்கிழமை கொண்டுவாங்கோ" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதன்கிழமை போனால் எண்ணுகிறவர் லீவு. பேணிகளை மறுபடி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவர், அன்று பின்னேரம் என்னிடம் கேட்டார்:

"தாள் அடிக்கிறது அவங்கள். அதைக் காயப்போடுறது நானோ தம்பி?"

அந்தக் கேள்விக்கு அப்போது சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், காசு பற்றி நான் வாசித்த கட்டுரைகள் பலவற்றை விட அது சரியான கேள்வியாகப் பட்டது.

எங்கள் ஊரில் காசு எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். விடியற்காலை தொழிலுக்குப் போன படகுகள் கரைக்கு வரும்போது, மீன் ஏற்றும் கூலர் வாகனங்கள் வந்து நிற்கும். வியாபாரி கொடுப்பது ஐயாயிரம் ரூபாத் தாள். அவருக்கு அதுதான் வசதி. ஐந்து இலட்சத்தை நூறு ரூபாத் தாளாகச் சுமந்துகொண்டு வர யாருக்குத்தான் விருப்பம்? ஆனால் படகில் போனவர்களுக்குப் பங்கு பிரிக்கவேண்டும். எண்ணெய்ச் செலவு கழித்து, படகுக்கும் வலைக்கும் ஒதுக்கி, மிச்சத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்தால் கணக்கு ஒருநாளும் ஐயாயிரத்தில் முடியாது. ஆகவே ஏழு மணிக்கெல்லாம் ஐயாயிரம் தாளோடு கடைக்கு ஆள் வந்துவிடும். ஒரு பிஸ்கட் பக்கற் வாங்குவான். அவனுக்கு வேண்டியது பிஸ்கட் இல்லை, மிச்சக்காசு.

அந்த மிச்சத்தைத் தயாராக வைத்திருப்பதுதான் மாமாவின் உண்மையான வேலை என்று சில நாட்களில் தோன்றும். அரிசியும் பருப்பும் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருகின்றன. அவற்றுக்கு லொறிக் கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் விலையில் சேர்ந்திருக்கும். காசும் அதே தெருவால் அதே மாதிரித்தான் வருகிறது, ஆனால் அதற்கு விலையில் கூலி சேர்க்க முடியாது. நூறு ரூபாத் தாளை நூற்றிரண்டு ரூபாவுக்கு விற்க முடியுமா? கூலியை யாரோ ஒருவர் தன் கையால் கட்டவேண்டும். பெற்றோல், அரை நாள் பூட்டின கடை, வழியில் யாராவது மறிப்பானோ என்ற பயம். கடைசியாக நான் இருந்து கணக்குப் பார்த்தபோது, ஒரு பயணத்துக்கு இரண்டாயிரம் ரூபாவுக்குக் குறையவில்லை. பயத்துக்கு விலை போடவில்லை.

அவர் தன் காசை மட்டும் கொண்டுவருவதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். லாச்சியில் ஒரு றப்பர் பான்ட் போட்ட கட்டு இருக்கும், எல்லாம் மற்றவர்களின் பாங்க் காட். வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசும கொடுப்பனவு 2023 இல் தொடங்கியதிலிருந்து காசு நேரே வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. இடைத்தரகு இல்லை, நல்ல விஷயம்தான். ஆனால் கணக்கில் விழுந்த காசு கைக்கு வர, காட்டுக்குச் சொந்தக்காரியான பெண் தன் பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று, திரும்பவேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். ஐயாயிரம் ரூபாக் கொடுப்பனவுக்கு இது என்ன வீதம் என்று நீங்களே பாருங்கள்.

"அண்ணை, நாளைக்கு பருத்தித்துறை போறியளோ? இதையும் ஒருக்கா எடுத்துக்கொண்டு வாங்கோ."

காட்டைக் கொடுப்பாள். இரகசிய இலக்கத்தையும் சொல்லுவாள். சொல்ல மறந்துவிடும் என்று சிலர் காட்டின் முதுகிலேயே பேனையால் எழுதியும் வைத்திருக்கிறார்கள். வங்கிகள் அனுப்பும் குறுஞ்செய்தியெல்லாம் "இலக்கத்தை ஒருவருக்கும் சொல்லாதீர்கள்" என்றுதான் சொல்கிறது. ஒருவருக்கும் சொல்லாமல் இருப்பது ஏ.ரி.எம் பக்கத்தில் உள்ளவர்களுக்குக் கிடைத்த வசதி. மாமா நல்ல மனிதர் என்பதால் இதுவரை ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

"ஏதாவது கமிஷன் எடுக்கிறியளோ மாமா?"

"அவளிட்டை என்னத்தை எடுக்கிறது? காசு கையில வந்தால் என்ரை கடையிலதானே சாமான் வாங்கப்போறாள்."

வங்கிகளும் ஒருகாலத்தில் இப்படித்தான் நினைத்தன. காசு எண்ணுவது நட்டம், ஆனால் ஆள் உள்ளே வந்தால் சேமிப்பு வைப்பார், கடன் எடுப்பார், நகை அடகு வைப்பார். அந்த இலாபத்திலிருந்து இந்த நட்டத்தை அடைத்தார்கள். இப்போது வசதியுள்ள வாடிக்கையாளர் போனிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார். காசுக்கு வரிசையில் நிற்பது அஸ்வெசும எடுக்கிறவரும் ஓய்வூதியக்காரரும்தான். அவர்களிடம் விற்க வங்கிக்கு ஒன்றுமில்லை. ஆகவே காசுச் செலவு மட்டும் கணக்கில் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதைத் துண்டு துண்டாக வெளியே தள்ளுகிறார்கள். வேறு வங்கியின் மெஷினில் எடுத்தால் ஒரு கட்டணம். கிளையில் ஆள் குறைப்பு. குத்திக்காசுக்குப் புதன்கிழமை.

வங்கியை மட்டும் திட்டிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. காசு விஷயத்தில் வங்கியும் ஒரு சுமைகாரர்தான். முதலாளி வேறு.

இலங்கைத் தாள்கள் பியகமவில் அச்சாகின்றன. வெளியிடும் உரிமை இலங்கை மத்திய வங்கிக்கு மட்டுமே. ஓர் ஐயாயிரம் ரூபாத் தாளை அச்சிட ஆகும் செலவு அதன் பெறுமதியில் ஒரு சொட்டு. ஆனால் வர்த்தக வங்கி அதை மத்திய வங்கியிடம் எடுக்கும்போது தன் கணக்கிலிருந்து முழு 5000 ரூபாவையும் கொடுத்துத்தான் எடுக்கிறது. அந்தப் பெறுமதிக்கு ஈடாக மத்திய வங்கியின் கையில் வட்டி உழைக்கும் சொத்துகள் இருக்கின்றன: அரசாங்கப் பத்திரங்கள், வெளிநாட்டு நாணயங்கள். தாளுக்கோ ஒரு சதம் வட்டியும் இல்லை. அதாவது மாமாவின் லாச்சியில் கிடக்கும் ஒவ்வொரு தாளும் அவர் நாட்டுக்குக் கொடுத்திருக்கும் வட்டியில்லாக் கடன். பொருளியல்காரர் இதை நாணய வெளியீட்டு இலாபம் என்பார்கள். புழக்கத்திலுள்ள நாணயம் 2021 முடிவிலேயே ஒரு ட்ரில்லியன் ரூபாவைத் தொட்டுவிட்டது. அவ்வளவுக்கும் வட்டி இல்லை.

இந்த உரிமை ஒருகாலத்தில் அரசிடம் இருக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் தனியார் வங்கிகளே தாள் அடித்தன. கோப்பிச் செடியை நோய் தின்று தோட்டங்கள் விழுந்தபோது, 1884 இல் ஓரியண்டல் வங்கியும் விழுந்தது. அதன் தாளைக் கையில் வைத்திருந்தவர்கள் பதறினார்கள். அன்றைய ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்தத் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். அதற்குப் பிறகு தாள் வெளியிடுவது அரசாங்கத்தின் வேலையானது. 1950 இல் மத்திய வங்கி வந்தபோது அதன் கைக்குப் போனது. யாரோ ஒரு தனியார் கையில் தாள் இருந்தால் சனம் நட்டப்படும் என்பதுதான் எடுத்ததற்குச் சொன்ன நியாயம். சரி. இலாபத்தை எடுத்தார்கள், பொறுப்பையும் எடுத்தார்கள். அந்தப் பொறுப்பு யாழ்ப்பாண நகரத்தில் வங்கிக் கிளை வாசலோடு முடிந்துவிடுமா, அல்லது மீன் வாடி வரைக்கும் வருமா என்பதுதான் மாமாவின் கேள்வி.

வராத காலமும் எங்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளில், சண்டைக் காலத்தில், நான் சின்னப் பெடியன். பாதை இல்லை, கிளாலிக் கடலால் இரவில் வள்ளத்தில் போய்வந்த காலம். சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் வராத ஊருக்குப் புதுத்தாள் வரும் என்று யார் எதிர்பார்த்தது? தாள்கள் நைந்து, துணி மாதிரி ஆகி, நடுவால் கிழிந்து, பசை பூசி ஒட்டி, மறுபடி கிழிந்து ஓடின. அம்மம்மா ஒரு பத்து ரூபாத் தாளைக் கொடுக்கும்போது குழந்தையைக் கைமாற்றுகிற மாதிரி இரண்டு கையாலும் கொடுப்பா. வாங்கமாட்டேன் என்று சொல்ல எந்தக் கடைக்காரருக்கும் வழியில்லை; அதைவிட நல்ல தாள் அவரிடமும் இல்லை. 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை மறுபடி பூட்டினபோது நான் வளர்ந்துவிட்டேன். அந்த முறை மிச்சத்துக்கு ரொபி வந்தது, பிறகு ரொபியும் இல்லாமல் கடைக்காரர் துண்டில் எழுதித் தந்தார்.

மிச்சத்துக்கு ரொபி தருவது இன்றும் நிற்கவில்லை. எனக்கு அதில் தீராத கோபம். இரண்டு ரூபாவுக்கு ஒரு ரொபி, ஐந்து ரூபாவுக்கு ஒரு நெருப்புப்பெட்டி. அதே ரொபியைத் திருப்பிக் கொடுத்து நான் சாமான் வாங்கலாமா? ஒருமுறை யாழ்ப்பாண நகரத்தில் முயன்று பார்த்தேன். காசாளர்ப் பிள்ளை சிரித்தா, ஆனால் வாங்கவில்லை.

குத்திக்காசுக்கு எங்கள் ஊரில் ஒரு தனி வழி உண்டு: பிள்ளையார். கோயில் உண்டியல் திறக்கிற அன்று மாமாவுக்குச் சொல்லியனுப்புவார்கள். சாக்கில் கொட்டி, எண்ணி, அவர் தாளாகக் கொடுத்துவிட்டுக் குத்திகளை அள்ளிவருவார். கோயிலுக்கும் பாங்குக்குச் சுமக்கிற வேலை இல்லை, கடைக்கும் மிச்சம் கொடுக்கச் சில்லறை. நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு இன்னும் ஒரு ரூபாதான். அந்த ஒரு ரூபாக் குத்திகளெல்லாம் எங்கே போய் எப்படித் திரும்புகின்றன என்று யாராவது ஆராய்ந்தால் நல்ல கட்டுரை கிடைக்கும். 2017 இல் நாணயங்களைத் துருப்பிடிக்காத உருக்குக்கு மாற்றினார்கள், அடிக்கிற செலவைக் குறைக்க. சுமக்கிற செலவைக் குறைக்கும் வேலை பிள்ளையாருக்கு.

உண்டியல் என்றதும் எங்களுக்கு வேறொன்றும் ஞாபகம் வரும். வெளிநாட்டிலிருந்து சட்டப்படி அல்லாத வழியில் காசு அனுப்புவதற்கும் அதே பெயர்தான். 2021 இலும் 2022 இலும் இது உச்சத்தில் இருந்தது. லண்டனில் மச்சான் ஒருவரிடம் பவுண் கொடுத்தால், இங்கே ஒரு பெடியன் ஹெல்மெட்டோடு வாசலில் வந்து நின்று, மாமியின் கையில் தாளை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவான். வங்கி வழியாக வந்த அனுப்புபணம் 2020 இல் 7.1 பில்லியன் டொலராக இருந்தது, 2022 இல் 3.8 பில்லியன் ஆனது. முக்கிய காரணம் நாணய மாற்றுவீதம். வங்கியில் டொலரை 203 ரூபாவில் இறுக்கிப் பிடித்திருந்தார்கள், வெளியே கூடக் கிடைத்தது. அந்த வழியை நியாயப்படுத்த நான் வரவில்லை, அதில் ஏமாந்தவர்களையும் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வாசலுக்குக் காசு கொண்டுவரும் செலவை அந்தப் பெடியனின் முதலாளி வீதத்துக்குள்ளேயே அடக்கியிருந்தான். மாமி பஸ் ஏறவில்லை. கறுப்புச் சந்தைக்காரனுக்குத் தெரிந்த கணக்கு இது.

மெல்பேணில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் அங்கத்தைய கதையைச் சொன்னான். அவுஸ்திரேலியாவில் காசு ஏற்றிச் செல்லும் பெரிய கம்பனிகள் இரண்டு: ஆர்மகார்ட், ப்ரொசெகுர். சனம் காசு பாவிப்பது குறைந்ததால் இரண்டுக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை. 2023 இல் ஒன்றாகின. அதற்குப் பிறகும் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் 2024 இல் நான்கு பெரிய வங்கிகளும் அஞ்சல் நிறுவனமும் பெரிய சுப்பர்மார்க்கட் கம்பனிகளும் சேர்ந்து ஐந்து கோடி டொலர் போட்டு அந்த லொறிகளை ஓடவைத்தன. சுவீடனில் 2021 முதல் பெரிய வங்கிகள் காசுச் சேவை கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம். பிரித்தானியாவில் 2023 இல் சட்டம் கொண்டுவந்து, காசு எடுக்கவும் போடவும் நியாயமான தூரத்தில் வழியிருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை நிதிக் கண்காணிப்பு அமைப்பிடம் கொடுத்தார்கள்.

அந்த நாடுகளின் தொல்லை எங்களுடையதற்குத் தலைகீழ். அங்கே காசு கேட்கிறவர் குறைந்துவிட்டார்கள். லொறி ஒரு இலட்சம் ஏற்றினாலும் கோடி ஏற்றினாலும் டீசல், துவக்கோடு இருக்கும் காவலாளி, காப்புறுதி எல்லாம் ஒன்றுதான், ஆகவே ஒரு தாளுக்கு விழும் செலவு ஏறுகிறது. இங்கே காசு கேட்கிறவர் நிறையப் பேர். லொறிதான் அவர்கள் இருக்கிற இடத்துக்கு வருவதில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் யாரும் தானாக முன்வந்து கூலி கட்டவில்லை என்பது பொதுவாக இருக்கிறது.

"கியூஆர் போட்டால் முடிந்தது" என்று சொல்பவர்கள் உண்டு. மாமாவின் கடையிலும் லங்காகியூஆர் அட்டை தொங்குகிறது, லமினேற் பண்ணி, உப்புக் காற்றில் மஞ்சளடித்துப் போய். கொழும்பிலிருந்து வரும் ஆட்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். சிக்னல் கிடைக்கும் இடம் வேப்பமரத்துக்குக் கீழே. அதையெல்லாம் சரிசெய்யலாம் என்றே வைத்துக்கொள்வோம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது சிக்னல் கோபுரமும் படுத்தது, போனும் படுத்தது. தாள் மட்டும் வேலை செய்தது. வீட்டில் லாந்தரை மண்ணெண்ணெய் விட்டு வைத்திருக்கிற சனம் நாங்கள். எண்ணெய்க்குச் செலவாகிறது என்று லாந்தரை ஒருவரும் எறிவதில்லை.

கூலியை யார் கட்டுவது? தாள் வெளியிட்டு இலாபம் எடுப்பவர் முதலில் கட்டவேண்டும் என்பது என் பக்கம். தாளில் கிடைக்கும் இலாபத்தில் ஒரு சிறு பங்கை, தாளைக் கடைசி ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே ஒதுக்கலாம். எங்கள் ஊர்ப்பக்கம் இன்னும் உபதபாற்கந்தோர்கள் இருக்கின்றன. கொழும்பில் வேலை செய்த பெரியமாமா அனுப்பும் காசுக்கட்டளையைத் தபால்காரர் கொண்டுவந்து தர, அம்மம்மா குடையைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய் அங்கேதான் மாற்றுவா. அந்த வாசல் மறுபடி திறந்தால் போதும். அல்லது மாமா மாதிரி ஏற்கெனவே இந்த வேலையைச் செய்கிற கடைக்காரருக்கு, காட்டைத் தட்டிக் காசு கொடுக்க ஒரு சின்ன மெஷினையும், கொடுக்கும் தடவைக்கு இவ்வளவு என்று ஒரு கூலியையும் கொடுக்கலாம். அந்தப் பெண் இரகசிய இலக்கத்தைத் தன் விரலாலேயே அழுத்துவாள்.

மத்திய வங்கியிலிருந்து அரசாங்கத் திறைசேரிக்குப் போகும் இலாபம் குறைந்தால் அது வேறெங்கோ வரியாக வரும் என்று எனக்கே நான் மறுப்புச் சொல்லிப் பார்த்தேன். உண்மைதான். 2024 ஜனவரியிலிருந்து வற் என்கிற பெறுமதி சேர் வரி 18 வீதம். பிஸ்கட் வாங்கும் அந்தப் பெடியனும் அதைக் கட்டுகிறான். ஆனால் கொழும்பு ஏழில் போடும் கடிதம் பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நெடுந்தீவுக்குப் போனாலும் முத்திரை ஒன்றுதான். நெடுந்தீவார் வள்ளக்கூலியைத் தனியாகக் கட்டவேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. கடிதத்துக்கு ஒத்துக்கொண்டதைத் தாளுக்கு ஏன் ஒத்துக்கொள்ளக்கூடாது? இதுக்குமேல் எனக்குத் தெரிந்த வாதம் இல்லை.

இதையெல்லாம் போன ஞாயிறு மாமாவுக்குச் சொன்னேன். காய்ந்த தாள்களைச் சேர்த்து நூறு நூறாகக் கட்டிக்கொண்டு கேட்டார். இடையில் ஒரு தடவை "ம்" என்றார். பெரிதாக மெச்சியதாகத் தெரியவில்லை.

திங்கள் விடிய ஆறரைக்கு நான் புறப்படும்போது கடை திறந்திருந்தது. வாடிப் பக்கமிருந்து ஒரு பெடியன் வந்து ஐயாயிரம் தாளை நீட்டினான். இரண்டு பணிஸ் வேண்டுமாம். மாமா லாச்சியை இழுத்துப் பார்த்தார், பேணியைக் குலுக்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, உன்ரை பொக்கற்றுக்குள்ள நூறு தாள் ஏதும் கிடக்கோ?"

இருந்ததையெல்லாம் கொட்டினேன். ஆயிரங்கள், ஐந்நூறுகள், கசங்கிய நூறுகள், கடைசியில் இரண்டு இருபது ரூபாக் குத்தி. பெடியன் எண்ணிக்கொண்டு போனான். எனக்கு அந்த ஐயாயிரம் தாள் வந்தது; ஓரத்தில் இன்னும் ஈரம்.

பஸ்ஸில் கொண்டக்டர் அதைக் கையில் வாங்காமல் தூரத்திலிருந்தே பார்த்தார்.

"என்ன அண்ணை, விடியவே விளையாடுறியள்?"